மெதுவாக வாசித்தால் சாவு, வேகமாக வாசித்தால் கல்யாணம்

முப்பது வருஷத்துக்கு மேல் கிளாரினெட் ஊதிப் பிழைத்தவன் நான். உனக்குச் சங்கீதம் தெரியுமா என்று யாராவது கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். அடக்கமெல்லாம் கிடையாது, நிஜமாகவே தெரியாது. சங்கீதம் தெரிந்தவர்கள் மயிலாப்பூர் பக்கம் ஜமக்காளத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். நாங்கள் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் தெருப்புழுதியில் நடந்துகொண்டே வாசித்தோம். அவர்களுடைய ரசிகர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ரசிகர்கள் பின்னால் வந்தார்கள். அதிலும் முக்கியமான ரசிகர் ஒருவர்தான். கல்யாணம் என்றால் அவர் மாலையும் கழுத்துமாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கூச்சத்தில் பாட்டு காதில் ஏறாது. சாவு என்றால் மாலையும் கழுத்துமாகப் படுத்திருப்பார். இரண்டு பேருமே எங்கள் வாசிப்பைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. யாருக்காக வாசிக்கிறோமோ அவர் கேட்பதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் முதலில் தெரிந்துகொண்ட விஷயம். அது தெரிந்த பிறகு பயம் விட்டுப்போய்விட்டது.

எங்கள் பேண்டு பார்ட்டியில் எட்டுப் பேர். ராயபுரத்தில் ஒரு விறகுத் தொட்டிக்கும் சோடாக் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு அறை, அதுதான் கடை. முதலாளி கார்னெட் வாசிப்பார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். முன்பல் இரண்டும் கட்டுப்பல். ஏறுசுரத்துக்குப் போனால் பல் கழன்று கார்னெட்டின் வாயில் வந்து இடிக்கும். அதனால் ஏறுசுரம் வரும் இடங்களையெல்லாம் என் கிளாரினெட்டுக்குத் தள்ளிவிட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். பார்க்கிறவர்கள் மகா ஞானஸ்தர் என்று நினைத்துக்கொள்வார்கள். மசூதி, கோயில், மாதா கோயில் எது வந்தாலும் அதன் முன்னால் வாத்தியத்தை நிறுத்தச் சொல்லிவிடுவார். மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, பல்லைச் சரிசெய்துகொள்ள நேரமும் கிடைத்தது.

யுத்தம் முடிந்து பட்டாளம் கப்பலேறியபோது ஹார்பர் பக்கம் மிலிட்டரிச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் பாய் ஒரு மூட்டை சிவப்புக் கோட்டு எடுத்தார். வெள்ளைக்காரப் பேண்டுச் சிப்பாய்க்குத் தைத்தது. எங்களில் இரண்டு பேர் ஒரே கோட்டுக்குள் புகுந்து ஆளுக்கு ஒரு கையை நீட்டியிருக்கலாம். என் கோட்டு முழங்காலுக்கு வந்தது. பொத்தானில் கிரீடம் இருந்தது. சுதந்திரம் வந்ததும் கதர்ச்சட்டைக்காரர் ஒருவர் கடைக்கே வந்து, இன்னும் ராஜா கிரீடத்தை மாட்டிக்கொண்டு திரிகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டார். எங்கள் பெரிய டிரம்காரன் மூன்று நாள் உட்கார்ந்து செங்கல் பொடி போட்டுத் தேய்த்துக் கிரீடத்தை அழித்தான். சுதந்திரப் போராட்டத்தில் எங்கள் பார்ட்டியின் பங்கு அவ்வளவுதான்.

சிவப்புக் கோட்டு கல்யாணத்துக்கு. சாவுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. உடுப்பு இரண்டு தினுசு இருந்ததே தவிர, பாட்டு இரண்டு தினுசு கிடையாது. எங்களுக்குத் தெரிந்தது மொத்தம் பதினோரு பாட்டு. அதை வெளியே சொல்ல மாட்டோம். ஒரே பாட்டை மெதுவாக வாசித்தால் சாவு, வேகமாக வாசித்தால் கல்யாணம், இரண்டுக்கும் நடுவாக வாசித்தால் சாமி ஊர்வலம். சினிமாவில் கதாநாயகி ஊஞ்சலில் ஆடிக்கொண்டு பாடிய பாட்டையே காசிமேட்டில் மெதுவாக வாசித்து ஒரு தெருவையே அழவைத்திருக்கிறோம். வித்வான்கள் கேட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆனால் அந்தத் தெருவில் அழுதவர்கள் நிஜமாகத்தான் அழுதார்கள்.

ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் இந்த விளையாட்டு கிடையாது. அதற்குத் துரைப் பாட்டு என்று பெயர் வைத்திருந்தோம். யுத்த சமயத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் யாராவது செத்தால் அவர்களுடைய பேண்டு ஒரு பாட்டை வாசித்துக்கொண்டு கல்லறைக்குப் போகும். பாய் அந்த ஊர்வலங்களின் பின்னாலேயே நடந்து காதால் கேட்டு அதைப் பிடித்து வந்தார். அது சாவுக்கு மட்டும்தான். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அது அவ்வளவு பழகிவிட்டது. துரைப் பாட்டின் முதல் நாலு சுரம் தெருமுனையில் கேட்டால் போதும், பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து யார் போனது என்று கேட்பார்கள்.

எங்களைக் கூப்பிட வருவதிலும் ஒரு முறை இருந்தது. கல்யாண வீட்டிலிருந்து ஒற்றை ஆளாக வர மாட்டார்கள். இரண்டு மூன்று பேராக, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு கடைக்குள் வருவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துக் கடைச் சோடாவை எங்கள் கணக்கில் குடித்துவிட்டு, மாப்பிள்ளையின் பெருமையையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். சாவு வீட்டிலிருந்து ஒருத்தன்தான் வருவான். உள்ளே காலை வைக்க மாட்டான். தெருவில் நின்றபடி தெருவின் பெயரும் வீட்டின் அடையாளமும் நேரமும் சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பான். நாங்கள் வா என்று கூப்பிட மாட்டோம், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டோம். அவனும் வரேன் என்று சொல்ல மாட்டான். காரியம் முடிந்து நாங்கள் கிளம்பும்போதும் அந்த வீட்டில் யாரும் போயிட்டு வாங்க என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் இன்னொரு சாவுக்கு வா என்று அழைத்த மாதிரி. அதனால் நாங்கள் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதையோ திருடிவிட்டுப் போகிறவர்கள் மாதிரி சத்தமில்லாமல் நழுவுவோம். கூலி வாங்கிய வீட்டில் அப்படி நழுவுவது எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

நான் செய்த பெரிய தப்பு இந்த முறையால்தான் வந்தது.

சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஒரு சாயந்திரம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் மட்டும் கடையில் இருந்தேன். வெள்ளை உடுப்புகளைத் துவைத்துக் காயவைத்து, ஒவ்வொன்றாக மடித்துப் பெஞ்சில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு ஆள் வந்து நின்றார். ஐம்பது வயசு இருக்கும். தலை முதல் கால்வரை கரிப்பொடி. ஹார்பரில் கரிக்கப்பலில் வேலை செய்கிறவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. முகம் தொங்கிப்போயிருந்தது.

அவர் பெஞ்சைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு தெருவிலிருந்தபடியே சொன்னார். "நாளைக்குக் காலைல, திருவொத்தியூர்ல, தேரடிக்குப் பின்னால கோணச் சந்து. பச்ச கதவு வூடு. எட்டு மணிக்கெல்லாம் வந்துடணும்."

நான் முறைப்படி ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். இன்னும் ஏதோ சொல்ல நினைத்தவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். நான் உள்ளே கூப்பிடவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பாவம், பெண்டாட்டி போய்ச் சேர்ந்திருப்பாள் என்று முடிவு கட்டினேன். பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிறவன் முகமும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்கே கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

மறுநாள் காலை எட்டுப் பேரும் வெள்ளை உடுப்பில் ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலேறித் திருவொற்றியூரில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் புது வேட்டியும் சந்தனமுமாக ஒருத்தர் யாருக்காகவோ காத்திருந்தார். எங்களைக் கண்டதும் ஒதுங்கி நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். செத்தவருக்கு மரியாதை. எங்களுக்கும் அது திருப்தியாக இருந்தது. அவர் யார் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அவர்தான் கல்யாணப் பெண்ணின் மாமன். அடுத்த வண்டியில் மீஞ்சூரிலிருந்து வருகிற மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துப்போக வந்தவர். கூடவே ஊர்வலம் போவதற்கு வீட்டிலிருந்து சிவப்புக் கோட்டுப் பேண்டுக்காரர்களை அனுப்புவார்கள் என்று ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர்.

சாவு வீட்டு வாசலில் போய் நின்று வாசிக்க ஆரம்பிக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. தெருமுனையிலேயே ஆரம்பித்து மெதுவாக நடந்து போக வேண்டும். அந்தச் சந்து பெயருக்கு ஏற்றபடி கோணல். முனையில் நின்றால் நாலு வீடுதான் தெரியும். பச்சைக் கதவும் தெரியவில்லை, பந்தலும் தெரியவில்லை, வாழைமரமும் தெரியவில்லை. பாய் பல்லை ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார். பெரிய டிரம் ஒரு அடி விழுந்தது. துரைப் பாட்டை ஆரம்பித்தோம்.

அன்றைக்கு நாங்கள் நன்றாக வாசித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். காலை நேரம், கடற்காற்று, வயிறு காலி. நாங்கள் நன்றாக வாசித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் அது ஒன்று. முதல் வீட்டிலிருந்து ஒரு அம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். யார் என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. தெரிகிறவரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். செத்தது ஆணா பெண்ணா என்று தெரியாததால் ராசாவே என்றும் ரத்தினமே என்றும் பொதுவாகப் பாடினாள். தொழில் தெரிந்தவள்.

அப்போதுதான் சந்தின் கோணலிலிருந்து ஒரு ஆள் ஓடிவந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். முகத்தை அடையாளம் தெரியவில்லை. கையை நீட்டியபோது நகக்கண்களைப் பார்த்தேன். கரி. நேற்று வந்தவர். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு யாரும் பெண்டாட்டியைத் தூக்கப்போவதில்லை.

பாய் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்ததால் அவருக்கு எதுவும் தெரியாது. நான் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்கப்போனேன். கரிக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாத. நிறுத்துனா தெரிஞ்சிடும். மாப்ள வூட்டுக்காரங்க பின்னாலயே வந்துகினு கீறாங்க. என் பொண்ணுக்கு இது ரெண்டாவது பந்தல்பா. மொதப் பந்தல பிரிச்சி எடுத்துனு பூட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன். தேரடிப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. முன்னால் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர், பக்கத்தில் ஸ்டேஷனில் பார்த்த மாமன், பின்னால் வரிசைத் தட்டுகளோடு பெண்கள். முழுக்கதையும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போன வருஷம் புழல் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை பார்த்துப் பந்தல்கூடப் போட்டிருக்கிறார்கள். புறப்படுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் நின்றது மட்டுமில்லை, பெண்ணின் ராசி சரியில்லை என்று பேச்சும் கிளம்பிவிட்டது. மீஞ்சூர்க்காரர்களுக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்தும், சரி பார்க்கலாம் என்று வருகிறார்கள். அவர்கள் காலடி வைக்கிற முகூர்த்தத்தில் சாவுப் பேண்டு வாசித்து வரவேற்றால் அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது பந்தல் கிடையாது. இந்தக் கதையெல்லாம் அந்த நிமிஷம் எனக்குத் தெரியாவிட்டாலும், என் முழங்கையைப் பிடித்திருந்த கை பிடியைத் தளர்த்தவில்லை. கரிமூட்டை தூக்கிய கை அது.

நான் திரும்பிப் பெரிய டிரம்காரனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். பேண்டில் எல்லோரும் முதலாளிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று வெளியே நினைப்பார்கள். நிஜத்தில் எல்லோரும் பெரிய டிரம்முக்குத்தான் கட்டுப்பட்டவர்கள். அவன் கால் எந்த வேகத்தில் போகிறதோ அதுதான் பாட்டு. அவன் என்னைப் பார்த்தான், பட்டு வேட்டியைப் பார்த்தான், பின்னால் குடையைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

சட்டென்று வேகத்தை மாற்றினால் குட்டு உடைந்துபோகும். கொருக்குப்பேட்டை யார்டிலிருந்து கூட்ஸ் வண்டி கிளம்புகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினோம். இரண்டு எட்டுக்கு ஒரு கொட்டு, ஒரு எட்டுக்கு ஒரு கொட்டு, பிறகு இடைவெளியே இல்லை. சின்ன டிரம் சேர்ந்துகொண்டது. ஜால்ரா சேர்ந்துகொண்டது. என் விரல்களுக்கு அந்தப் பாட்டு அந்த வேகத்தில் பழக்கமே இல்லை. பாதிச் சுரத்தை விழுங்கிவிட்டு மீதியை வாசித்தேன். பாய் கண்ணைத் திறந்தார். துரைப் பாட்டு ஓடுவதைக் கேட்டு அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவரும் ஊதினார், ஏறுசுரம் வந்தது, பல் கழன்றது, அதை அப்படியே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஊதினார். ஒப்பாரி அம்மாள் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றாள். பட்டு வேட்டியைப் பார்த்தாள். உடனே அதே ராகத்தில் நலங்குப் பாட்டுக்குத் தாவிவிட்டாள். அவளுக்கும் எங்களைப் போலத்தான், கையில் இருந்த சரக்கு ஒன்றுதான்.

அந்தச் சந்தில் எல்லோருக்கும் அது என்ன பாட்டு என்று தெரியும். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஒரு கிழவர் கைதட்டினார். ஜனங்களைப் பற்றி எனக்கு நிறையக் கோபம் உண்டு, ஆனால் அன்றைக்கு அந்தச் சந்தை நினைத்தால் கோபம் வருவதில்லை.

குடைக்காரப் பெரியவர் பக்கத்தில் வந்தார். அவர்தான் சம்பந்தி. ஆரம்பத்தில் ஏன் அப்படி இழுத்து இழுத்து வாசித்தார்கள் என்று கேட்டார். பெண்ணின் தகப்பனார் கொஞ்சமும் தயங்காமல், இது எங்கள் ஊரில் புது மோஸ்தர், இப்படித்தான் மெதுவாக ஆரம்பித்து ஓட வேண்டும் என்றார். அப்படியானால் வெள்ளை உடுப்பு எதற்கு என்றார் பெரியவர். வெள்ளைக்காரன் போன பிறகு அவனுடைய சிவப்புக் கோட்டை யாரும் தொடுவதில்லை, கதர் மாதிரி வெள்ளைதான் என்றார் இவர். பெரியவர் காங்கிரஸ்காரர் போலிருக்கிறது. எங்களைப் பார்த்து மெச்சிக்கொண்டு தலையை ஆட்டினார். எட்டுப் பேரும் தேசபக்தர்களாகப் பந்தலுக்குள் நுழைந்தோம்.

கல்யாணம் நடந்தது. சாப்பாடும் போட்டார்கள். கிளம்பும்போது பெண்ணின் தகப்பனார் தன் கையாலேயே எங்களுக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்தார். என் முன்னால் வந்தபோது ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். நேற்று உள்ளே இருந்தவன் நீதானே என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஆமாம் ஐயா, நான்தான், என் புத்தி போன போக்கைப் பாருங்கள் என்று நானாவது சொல்லியிருக்க வேண்டும். வெற்றிலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு அது வெட்கமாகத்தான் இருந்தது, ரொம்ப நாளைக்கு இருந்தது.

ரயிலில் பாய் பல்லைத் துடைத்து மாட்டிக்கொண்டு, யார் ஆர்டர் எடுத்தது என்று கேட்டார். நான் என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். இனிமேல் வாயைத் திறந்து கேட்டுத் தொலை என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று முதல் தெருவில் யார் வந்து நின்றாலும் நான் கேட்பேன்: கல்யாணமா, சாவா? முறை கெட்டவன் என்று பெயர் வாங்கினேன். சாவு வீட்டுக்காரன் ஒருத்தன் அறைந்திருக்கிறான். கல்யாண வீட்டுக்காரன் ஒருத்தனும் அறைந்திருக்கிறான். இரண்டு அறையும் ஒரே மாதிரிதான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. ஒரு மாசத்துக்குள் வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. திருவொற்றியூரில் வாசித்தீர்களாமே, மெதுவாக ஆரம்பித்து ஓடுமாமே, அது வேண்டும் என்றார்கள். பிறகு எண்ணூரிலிருந்து கேட்டார்கள். மாத்தூரிலிருந்து கேட்டார்கள். வேறு பேண்டுக்காரர்கள் எங்களைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷத்தில் துரைப் பாட்டு கல்யாணப் பாட்டாகிவிட்டது. சாவு வீட்டில் அதை வாசித்தால் என்ன கிண்டலா என்று சண்டைக்கு வந்தார்கள். நாங்கள் உட்கார்ந்து யோசித்துப் புதிதாகச் செய்தது ஒன்றும் எடுபட்டதில்லை. தப்பு செய்து, அதை மறைக்கத் திருதிருவென்று முழித்துக்கொண்டு வாசித்தது மட்டும் ஊரெல்லாம் பரவியது. இந்த வியாபாரத்தைப் பற்றி யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

பத்து வருஷம் போயிற்று. பாய்க்கு மிச்சப் பற்களும் விழுந்து, கார்னெட் ஊத முடியாமல் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். டிரம்மும் கோட்டும் கடையும் என் தலையில் விழுந்தன. தெருவுக்குத் தெரு மைக் செட் வந்துவிட்டது. மைக் செட்டுக்காரனைப் பார்த்து நாங்கள் வயிறெரிந்தோம். எங்களைப் பார்த்து நாயனக்காரர்கள் எரிந்ததை நினைத்துச் சமாதானம் செய்துகொண்டோம்.

ஒரு காலையில் கடைக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். முப்பதை நெருங்குகிற வயசு. பொதுவாகப் பெண்கள் எங்களைக் கூப்பிட வருவதில்லை. ஓரமாக நின்றாள், உள்ளே வரவில்லை. நான் வழக்கம்போலக் கேட்டேன். பெரிய டிரம்காரன் பின்னாலிருந்து, ஆரம்பிச்சிட்டாண்டா என்று முணுமுணுத்தான்.

"சாவுதாண்ணே," என்றாள் அவள். "எங்க நைனா. கோணச் சந்து, பச்ச கதவு வூடு."

டிரம்காரன் முணுமுணுப்பதை நிறுத்தினான். நான் எழுந்து தெருவுக்குப் போனேன். நீ அந்தக் கல்யாணப் பெண்ணா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். மீஞ்சூரிலிருந்து நேற்றே வந்துவிட்டாளாம். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பக் கொண்டுவந்தபோது நினைவு இருந்ததாம். அவர் சொல்லிவிட்டுப் போன காரியத்துக்காகத்தான் தானே வந்ததாகச் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க மொதல்ல மெதுவா வாசிச்சீங்களே, அது ரொம்ப நல்லா இருந்துச்சாம். நானே அத ஓட வெச்சிட்டேன், முழுசா கேக்கல, எனக்கு அத மெதுவாவே வாசிக்கச் சொல்லுன்னாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டு, பத்து வருஷமாகத் தொண்டையில் இருந்ததைச் சொன்னேன். அன்று தப்பு என்னுடையது, உள்ளே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்படி நடந்திருக்காது என்றேன். அவள் இல்லை என்றாள். கரிக்கப்பல் வந்துவிட்டதால் அப்பாவுக்கு இரண்டு நாள் தொடர்ந்து வேலையாம். வெற்றிலைத் தட்டு எடுத்துக்கொண்டு முறையாக வர நேரமில்லாமல் நேராக வந்தாராம். பெஞ்சில் வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்ததைப் பார்த்து, உட்கார்ந்தால் கரி ஒட்டிவிடும் என்று தெருவிலேயே நின்றுவிட்டாராம். தப்பு தன்னுடையதுதான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாராம்.

பிறகு அவளாகவே சொன்னாள்.

"எனக்கும் கேட்டுச்சிண்ணே. சீவி முடிச்சி உள்ள ஒக்காந்துகினு இருந்தேன். அது இன்னா பாட்டுன்னு எனக்குத் தெரியாதா? தலைல வெச்ச பூவ நானே எடுத்து மடில வெச்சிகினேன். அப்பால நீங்க வேகமா வாசிக்க ஆரம்பிச்சீங்க. திரும்ப எடுத்து வெச்சிகினேன்."

நான் எத்தனையோ கல்யாணத்துக்கு வாசித்திருக்கிறேன். யாருக்காக வாசிக்கிறோமோ அவர் கேட்பதில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? அது தப்பு. ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

மத்தியானம் கோணச் சந்துக்குப் போனோம். அதே வெள்ளை உடுப்புதான், இன்னும் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. முனையிலிருந்து வேறு பாட்டை வாசித்துக்கொண்டு போனோம். வீட்டு வாசலில் அவரைப் பாடையில் எடுத்து வைத்ததும் துரைப் பாட்டை ஆரம்பித்தோம். கஷ்டமாக இருந்தது. பத்து வருஷமாகச் சந்துக்குச் சந்து அதை ஓட்டி ஓட்டிப் பழகியிருந்தோம். எட்டாவது அடியில் எங்கள் கால் தானாகவே வேகமெடுக்கப் பார்த்தது. முனையில், அன்று அவர் என் முழங்கையைப் பிடித்த அதே இடத்தில், பெரிய டிரம்காரனின் கோல் மேலே போய் நின்றது. நான் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைக்க அதைப் பிடித்து வைத்திருந்து, மெதுவாகவே இறக்கினான். ஓடுகிற வேகத்தில் கடைசிப் பகுதியை நாங்கள் வாசித்ததே இல்லை. அது எங்களில் பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. அதனால் கடைசியில் என் கிளாரினெட் மட்டும்தான் கேட்டது. இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன். அவர் முழுசாகக் கேட்டார். அழுதுகொண்டே ஊதினால் சுரம் பிசிறும் என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது.

எல்லாம் முடிந்ததும் சுடுகாட்டிலிருந்து திரும்பி, வீட்டில் கூலி வாங்கிக்கொண்டு, வழக்கம்போலச் சத்தமில்லாமல் நழுவினோம். சந்தின் முனை வரைக்கும் வந்திருப்போம். அந்தப் பெண் பின்னாலிருந்து கூப்பிட்டாள். ஒப்பாரிக் கூட்டத்திலிருந்து எழுந்து, கலைந்த தலையோடு வாசலைத் தாண்டி வந்து நின்றாள். சுற்றியிருந்த பெண்கள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் விடவில்லை.

"போயிட்டு வாங்கண்ணே," என்றாள். "எனக்கும் ஒரு பொண்ணு கீது."

வரேம்மா என்றேன். பெரிய டிரம்காரன் என்னை முறைத்தான். ஸ்டேஷன் வரைக்கும் என்னோடு பேசவில்லை.